டிரைவருக்குப் பக்கத்து சீட்

அம்மாவின் போன் வந்தபோது நான் விழுப்புரத்தில், வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில், காலை வரிசையில் வந்தவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"உங்கப்பா ஒரு ஜீப்பு வாங்கியாந்து வாசல்ல நிறுத்தி வெச்சிகீறாரு."

"யாருதும்மா?"

"நம்மளுதாம்."

கோபமா, பயமா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மா எப்போதும் அப்படித்தான். ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு, நாம் என்ன செய்கிறோம் என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்பா அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முப்பது வருஷத்துக்கும் மேலாகத் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே போய் வந்தவர். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி என்று அதே ஊர்கள், அதே வளைவுகள், அதே வேகத்தடைகள். பெரிய விபத்தோ சின்ன உரசலோ அவர் கையால் நடந்ததில்லை. வீட்டில் இருந்த ஒரே வண்டி ஒரு பழைய மொபெட். பின்னால் வரும் ஆட்டோ ஹாரன் அடித்தால் அவர் மொபெட்டை ஓரங்கட்டி, காலை ஊன்றி நின்று, ஆட்டோ போன பிறகுதான் மறுபடி கிளப்புவார். அப்படிப்பட்ட மனிதர், ஓய்வு பெற்ற கையோடு, நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்றை வாங்கி வந்திருக்கிறார் என்றால் எனக்கு நம்ப முடியவில்லை. எதிரே கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர், "இன்னாம்மா, யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?" என்று கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போனேன். வாசலில் முருங்கை மரத்தடியில் அது நின்றது. வெளுத்துப்போன பச்சை நிறம். பலாப்பழத் தோல் மாதிரி முள் முள்ளாகப் புடைத்த டயர்கள். அப்பா ஒரு பழைய பனியனைக் கிழித்து அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாத்துக்குப்பா இது?"

"ரோடு இல்லாத எடத்துல ஓட்டறதுக்கு."

"ரோடு இல்லாத எடத்துல இன்னா கீது?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதைத்தான் பாக்கணும்" என்றார்.

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் நான் அதை எதிர்கொண்டேன். மறுநாள் காலை வெறும் வயிற்றில் அவருக்கு ரத்தம் எடுத்து, சர்க்கரை, உப்பு, தைராய்டு என்று இருக்கிற பரிசோதனையெல்லாம் செய்து பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அதுவும் ஒரு அதிர்ச்சிதான். ஏதாவது ஒன்று கூடக்குறைய இருந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அப்பா திட்டம் போடுகிற விதத்தைப் பார்த்த பிறகு சிரிப்பும் வந்தது. போனில் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, ஏரிக்கரை, வாய்க்கால், பனந்தோப்பு, மொட்டைப் பாறை என்று ஒவ்வொன்றாகத் தேடுவார். பிறகு எனக்கு வாட்ஸப்பில் பேசி அனுப்புவார். "பிரம்மதேசம் கோயிலாண்ட கெளம்பறோம். அங்கேர்ந்து ஏரிக்கரை மேல வலதுபக்கம். மதகு ஒரு ஸ்டாப்பிங். அப்பறம் பனமரக் காடு. அங்க பத்து நிமிஷம் நிக்கும்." பஸ் அறிவிப்பு மாதிரியே இருக்கும். அடுத்தவர் நிலத்தின் வழியாகப் போக வேண்டியிருந்தால் முன்னாடியே மொபெட்டில் போய் அந்த நிலத்துக்காரரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வருவார். பயிர் இருக்கிற மாதங்களில் எந்த வழி கூடாது, மழை பெய்தால் எந்த ஏரிக்குள் இறங்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. ரோட்டிலிருந்து இறங்கினாலும் கால அட்டவணையிலிருந்து அவர் இறங்கவில்லை.

இந்த ஆசைக்கு ஒரு துணையும் அவருக்குக் கிடைத்திருந்தது. திண்டிவனம் பைபாஸ் பக்கம் ஜீப் ஷெட் வைத்திருக்கிற ஒருவர். என் வயதுதான் இருக்கும். அவரிடமும் ஒரு ஜீப், முன்னால் இழுவைக் கயிறு சுற்றிய வின்ச் மாட்டியது. ஞாயிற்றுக்கிழமைகளில் குவாரி, ஏரி என்று சுற்றுகிறவர். அப்பாவை 'நைனா' என்று கூப்பிடுவார். அவர்தான் ஏர் லாக்கர் என்ற வார்த்தையை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவர்.

நான் முதலில் கதவுப் பூட்டு என்று நினைத்தேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டில் இரண்டு இட்லிகளை எதிரெதிரே வைத்து விளக்கினார்.

"இது ஒரு சக்கரம், இது ஒரு சக்கரம். ஒண்ணு சேத்துல மாட்டிக்கினா இன்ஜின் வேகமெல்லாம் அந்தச் சக்கரத்துக்கே போயிடும். அது சும்மா சுத்திக்கினே கெடக்கும். கெட்டித் தரையில கீற இன்னொண்ணு அசையாது. லாக்கர் போட்டா ரெண்டையும் ஒண்ணா சேத்துக் கட்டிடும். ஒண்ணு சுத்துனா இன்னொண்ணும் சுத்தியே ஆகணும்."

"பின்னாடிக்கு மட்டுமா?"

"முன்னாடிக்கு ஒண்ணு, பின்னாடிக்கு ஒண்ணு."

அடுத்த வாரம் அம்மாவும் நானும் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனோம். வண்டி நாலு இரும்புத் தாங்கிகளின் மேல் சக்கரமே இல்லாமல் நின்றது. அடியில் தட்டில் கறுப்பு எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு சக்கரங்களை இணைக்கிற ஆக்சிலின் வயிறு திறந்து, உள்ளே இருந்த பல்சக்கரமெல்லாம் வெளியே ஒரு சாக்கின் மேல் பரப்பி வைத்திருந்தது. வாங்கி மூன்று மாதம் ஆகாத வண்டி. ஷெட்காரர் ட்ரில்லை எடுத்து நல்ல இரும்பு வார்ப்பில் ஓட்டை போட ஆரம்பித்தபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்பா, நல்லா கீறதை எதுக்கு ஓட்டை போடற?" என்று அவரிடம் கேட்டாள்.

"காத்து உள்ள போவணும்மா." அவர் ஒரு மெல்லிய நீலக் குழாயைக் காட்டினார். "பானெட்டுக்குள்ள சின்ன கம்ப்ரஸர் வெக்கிறோம். நைனா சுவிட்ச் போட்டா காத்து இது வழியா போயி உள்ள ஒரு பல்லைத் தள்ளும். டக்குன்னு பூட்டிக்கும். சுவிட்சை எடுத்தா புஸ்ஸுன்னு காத்து வெளிய வந்துரும், பூட்டு விட்டுடும்."

அன்று முழுக்க அந்த வேலை நடந்தது. பெரிய பல்சக்கரத்தைப் பழைய கூட்டிலிருந்து கழற்றிப் புதிய லாக்கரின் மேல் முடுக்கினார்கள். தலைமுடி தடிமனுக்கு மெல்லிய வளையங்களை வைத்துப் பார்த்து, எடுத்து, வேறு வைத்துப் பார்த்து, பல்லோடு பல் பொருந்துகிற இடைவெளியைச் சரிசெய்தார்கள். அப்பா ஒரு கவிழ்த்த டின்னின் மேல் உட்கார்ந்து, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருப்பவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் சக்கரங்களை மாட்டி, தரையிலிருந்து தூக்கிய நிலையிலேயே, "சுத்திப் பாரும்மா" என்று என்னைக் கூப்பிட்டார் ஷெட்காரர். நான் பின்சக்கரம் ஒன்றை முன்னால் உருட்டினேன். எதிர்ப்பக்கச் சக்கரம் பின்னால் சுற்றியது. அப்பா உள்ளே எட்டி ஒரு பொத்தானை அழுத்தினார். கம்ப்ரஸர் ஒரு பூனை உறுமுவது போல ஓடி அடங்கியது. 'டக்' என்ற சத்தம். மறுபடி உருட்டினேன். இப்போது எதிர்ப்பக்கச் சக்கரமும் முன்னாலேயே வந்தது.

அம்மா அந்த இரண்டு சக்கரங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தூக்குச்சட்டியை மூடிக்கொண்டே, "நானும் வர்றேன்" என்றாள்.

"எங்க?" என்றார் அப்பா.

"நீங்க போற எடத்துக்குத்தான்."

அம்மா கழனிக்குப் போவாள், சந்தைக்குப் போவாள், விசேஷங்களுக்குப் போவாள். வேடிக்கைக்காக எங்கேயும் போய் நான் பார்த்ததில்லை. அன்று வீட்டுக்கு வந்த பிறகு, பாத்திரம் தேய்த்துக்கொண்டே அவளாகவே என்னிடம் சொன்னாள்: "கல்யாணம் ஆனதுலேர்ந்து அவரு பஸ்ஸுல நான் எத்தினியோ வாட்டி போய்கீறேன். பொம்பளைங்க சீட்டுல குந்திக்கினு அவரு பின்கழுத்தைத்தான் பாத்துக்கினு போவேன். ஓட்றவங்க கிட்ட பேசாதீங்கன்னு போர்டு மாட்டி வெச்சிருந்தாங்க. பக்கத்துல சீட்டே கெடையாது. இதுல கீது."

முதல் இரண்டு மூன்று பயணங்கள் நன்றாகத்தான் போயின. காய்ந்த வாய்க்காலுக்குள் இறங்கி ஏறினார்கள். அப்பா வண்டியை மெதுவாக, முட்டை ஏற்றிய லாரியைப் போல ஓட்டினார். அம்மா முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, கண்ணுக்கு மட்டும் இடம் விட்டு, முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவினால் சிவப்புத் தண்ணீர் ஓடும். எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பயம் விட்டது. அதனால்தான் பெருமுக்கல் பக்கம் குவாரிக்குப் போகிறோம் என்று அப்பா சொன்னபோது நானும் கிளம்பினேன்.

கல் எடுத்துவிட்டு எப்போதோ கைவிட்டுப் போன குவாரி அது. நடுவில் ஆழமாக வெட்டிய பள்ளத்தில் பச்சைத் தண்ணீர் நின்றது. எதிரே பெருமுக்கல் மலையும் உச்சியில் கோயிலும் தெரிந்தன. குவாரியின் ஒரு பக்கத்தில், அந்தக் காலத்தில் லாரிகள் ஏறிய பாதை படிகள் போல உடைந்து கிடந்தது. அதில் ஏறி, மேலே திரும்பி, பள்ளத்தின் ஓரமாகச் சாய்ந்த ஒரு சரிவைக் கடந்து மறுபக்கம் இறங்குவதாகத் திட்டம். அப்பாவும் ஷெட்காரரும் முந்தின வாரம் நடந்தே போய்ப் பார்த்திருந்தார்கள். ஆனால் நடுவே ஒருநாள் மழை பெய்திருந்தது.

ஷெட்காரர் முதலில் ஏறிக் கடந்து, அந்தப் பக்கம் போய் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார். நான் போனில் படம் எடுப்பதற்காக மேலே ஒரு பாறையின் மேல் ஏறிக்கொண்டேன். அப்பாவின் ஜீப் உடைந்த படிகளின் அடியில் நின்றது. இரண்டு லாக்கரையும் போட்டுவிட்டார் என்பது அந்த 'டக், டக்' சத்தத்தில் தெரிந்தது. பிறகு வண்டி ஏறியதை இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்க, மற்றது பாறையைக் கவ்வ, ஒரு துளி தடுமாற்றம் இல்லாமல் அது மேலே வந்தது. ஜன்னலில் அம்மாவின் முகம். அவள் என்னைப் பார்த்துக் கையைக்கூட அசைத்தாள்.

மேலே வந்ததும் அப்பா நிற்கவில்லை. அந்த ஏற்றத்தின் சந்தோஷத்தில் அப்படியே திரும்பிச் சரிவுக்குள் போனார். சரிவில் கல்தூளும் களிமண்ணும் கலந்து, மேலே காய்ந்த மாதிரியும் உள்ளே வழுவழுப்பாகவும் இருந்தது. ஷெட்காரர் அந்தப் பக்கத்திலிருந்து கையை ஆட்டிக் கத்தினார்.

"நைனா! லாக்கை எடு! முன்னாடி லாக்கை எடு!"

அப்பாவுக்குக் கேட்கவில்லை. இன்ஜின் ஒரு முறை உறுமியது. நாலு சக்கரமும் ஒரே நேரத்தில் பிடியை விட்டன. வண்டி முன்னால் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. பக்கவாட்டில், பள்ளத்தை நோக்கி, அப்படியே இறங்கத் தொடங்கியது. அவ்வளவு பெரிய இரும்பு, சத்தமே இல்லாமல், எண்ணெய் தடவிய கல்லில் தோசை நகர்வது போல நகர்ந்தது. அப்பா ஸ்டியரிங்கை மேட்டுப்பக்கம் ஒடித்தார். முன் சக்கரங்கள் பூட்டியிருந்ததால் திரும்ப மறுத்தன. பிரேக்கை அழுத்தினார். வேகம் இன்னும் கூடியது.

நான் கத்தினேனா என்று எனக்கு நினைவில்லை. கத்தினேன் என்று பிறகு ஷெட்காரர் சொன்னார். எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான்: அந்தச் சரிவு இடதுபக்கம் சாய்ந்திருந்தது, அம்மா இடதுபக்கம் உட்கார்ந்திருந்தாள்.

'கடக்' என்று ஒரு சத்தம். பின்சக்கரம் ஒன்று புதைந்து கிடந்த பாறையில் இடித்து நின்றது. வண்டி முழுவதும் ஒருமுறை குலுங்கி, வலப்பக்கம் கொஞ்சம் தூக்கி, மறுபடி உட்கார்ந்தது. முன் இடச்சக்கரம் விளிம்புக்கு வெளியே தொங்கி நின்றது. அதன் அடியில் உதிர்ந்த கற்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் ஓடினேன். எங்கிருந்தோ வந்த ஷெட்காரர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"வண்டியைத் தொடாதீங்கம்மா." பிறகு அப்பாவிடம், மிகவும் மெதுவாக, "நைனா, நீ எறங்காத. உன் கனம் மேட்டுப்பக்கம் கீது. நீ எறங்குனா வண்டி கவுந்துரும். பிரேக்கை அப்படியே மிதிச்சிக்கினு குந்து. நான் கயிறு மாட்டறேன்" என்றார்.

அப்பா தலையை மட்டும் ஆட்டினார். அவருடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் பஸ் ஓட்டுகிற மாதிரியே அகலமாக விரிந்திருந்தன. முகத்தில் ரத்தமே இல்லை. நான் தினமும் மனிதர்களுடைய ரத்தத்தைப் பார்க்கிறவள். ஒரு முகத்திலிருந்து அது அவ்வளவு முழுதாக வடிந்து நான் பார்த்ததில்லை.

அம்மா தன் பக்கத்து ஜன்னல் வழியாகக் கீழே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அங்க பாக்காத. என்னைப் பாரு" என்றேன்.

"பாத்தா இன்னா, பாக்காட்டி இன்னா. அது அங்கதான் கீது" என்றாள். குரல் நடுங்கவில்லை. ஆனால் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

ஷெட்காரர் தன் வண்டியைச் சரிவின் மேல்பக்கம், கெட்டிப் பாறையில் கொண்டுவந்து நிறுத்தி, வின்ச் கயிற்றை இழுத்து வந்து அப்பாவின் ஜீப்பின் மேட்டுப்பக்கச் சட்டத்தில் மாட்டினார். கயிறு விறைத்தது. எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. கயிறு விறைத்த பிறகுதான் அவர் அம்மாவை அசையச் சொன்னார். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே நுழைந்து, பின்பக்கத்துக்கு ஊர்ந்து, பின்கதவு வழியாக வெளியே வர வேண்டும். அம்மா புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, கியர் கம்பியைத் தாண்டி, அப்பாவின் தோளில் கையை ஊன்றிப் பின்பக்கம் போனாள். வண்டி ஒருமுறை முனகியது. பின்கதவிலிருந்து அவள் கை வெளியே வந்ததும் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் களியில் விழுந்தோம். அவள் உடம்பு முழுக்கச் சில்லென்று இருந்தது, அந்த வெயிலில்.

பிறகு அப்பா பொத்தான்களை ஒவ்வொன்றாக விடுவித்தார். 'புஸ்', 'புஸ்' என்று காற்று வெளியேறியது. கயிறு இழுக்க இழுக்க வண்டி அங்குலம் அங்குலமாக மேலே வந்தது. கெட்டித் தரைக்கு வந்ததும் அவர் இன்ஜினை அணைத்து, கை பிரேக் போட்டு, கியரில் விட்டு, எல்லாவற்றையும் முறைப்படி செய்துவிட்டு இறங்கினார். அப்படியே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார்.

அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். சத்தம் இல்லை, தண்ணீர் மட்டும் வழிந்தது. என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"பஸ்ஸு ஓட்டுன காலமெல்லாம் பயந்துக்கினேதான் ஓட்டுனேன் பாப்பா. யாருக்கும் சொன்னது இல்ல. பின்னாடி அத்தினி உசுரு. ஒவ்வொரு நாளும் சாவியைக் குடுத்துட்டு வந்தப்பறம்தான் மூச்சே விடுவேன். ஒரே ஒருவாட்டி, வண்டியில யாரும் இல்லாம, பயமே இல்லாம ஓட்டிப் பாக்கணும்னு இருந்துச்சி. அதுக்குத்தான் இதை வாங்கனேன்."

அத்தனை வருஷம் அவர் வீட்டுக்கு வந்ததும் கழுத்தைப் பிடித்துவிடச் சொன்னதும், சாப்பிடும்போது பேசாமல் இருந்ததும் வேறு ஏதோ அலுப்பு என்று நினைத்திருந்தேன்.

அம்மா களியான கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "யாரும் இல்லாமயா?" என்றாள்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"பக்கத்துல நான் குந்திக்கினு இருந்தேன். நான் யாரும் இல்லையா?"

வண்டி சரிந்தபோது நான் அதிர்ந்தது வேறு. இது வேறு. ஷெட்காரர் கயிற்றைச் சுற்றுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா ஷெட்காரரின் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நான் அப்பாவோடு வந்தேன். திண்டிவனம் வரைக்கும் அவர் எல்லா லாரிகளுக்கும் வழிவிட்டுக்கொண்டே வந்தார்.

அதற்குப் பிறகு ஜீப் ஷெட்டிலேயே நின்றது. அம்மா சமைத்தாள், பரிமாறினாள், கழனிக்குப் போனாள். அவரிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. அப்பா படம் பார்ப்பதையும் எனக்குப் பேசி அனுப்புவதையும் நிறுத்திவிட்டார். வண்டியை விற்றுவிடலாம் என்று நான்தான் போனில் சொன்னேன். "ம்" என்றார். அந்த "ம்" எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு நாள் சொல்லாமல் கிளம்பி ஊருக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்: "உங்கம்மாவும் அப்பாவும் ஜீப் ஷெட்டாண்ட போய்கீறாங்க. உங்கம்மாதான் ஜல்தி வாங்கன்னு இட்டுக்கினு போச்சி."

ஆட்டோ பிடித்துப் போனேன். வண்டி மறுபடி தாங்கிகளின் மேல் ஏறியிருந்தது. இந்த முறை முன்பக்கம். அம்மா முன்சக்கரத்தின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைக் கையால் உருட்டிக்கொண்டிருந்தாள். ஷெட்காரர் பொத்தானைப் போட்டும் எடுத்தும் காட்டினார். பூட்டியிருக்கும்போது ஸ்டியரிங் ஏன் கேட்காது, சாய்ந்த சரிவில் நாலும் சேர்ந்து ஏன் வழுக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அப்பா பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி ஓரமாக நின்றார்.

"அப்போ அன்னிக்கி மேல ஏறுனதும் முன்னாடி லாக்கை எடுத்திருந்தா வழுக்கி இருக்காதா?" என்றாள் அம்மா.

"முழுசா அப்படிச் சொல்ல முடியாதும்மா. ஆனா ஸ்டியரிங் பேச்சைக் கேட்டிருக்கும்."

அம்மா எழுந்தாள். "அந்த முன்னாடி சுவிட்சைக் கழட்டி என் பக்கம் வெச்சிடு."

"உன் பக்கம்னா?" என்றார் அப்பா.

"நான் குந்தற பக்கம். முன்னாடி பூட்டறதும் எடுக்கறதும் என் கையில இருக்கட்டும். வோணும்னா நீங்க என்னைக் கேளுங்க."

நான் அதிர்ந்துபோனேன். "அம்மா, இன்னாம்மா பேசற? இதுல மறுபடி ஏறப் போறியா?" என்று கத்தினேன். வண்டி விற்கப்படும் என்று நான் நிம்மதியாக இருந்த அத்தனை நாளும் அவள் வேறு ஏதோ யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏறாம? எல்லாம் மாட்டி முடிச்சாச்சி. உங்கப்பா வீட்ல குந்திக்கினு செவுத்தையே பாக்கறாரு. பேஜாரா கீது எனக்கு."

ஷெட்காரர் அப்பாவைப் பார்த்தார். அப்பா ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தார். பிறகு, "ஒயரு நீளம் பத்துமா?" என்று கேட்டார். அன்று மாலைக்குள் பொத்தான் இடம் மாறியது.

அதற்கு அடுத்த மாதம் பிரம்மதேசம் பக்கத்து ஏரிக்கு அவர்கள் போனபோது நானும் போனேன். வீட்டில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருப்பதைவிட அது மேல் என்று தோன்றியது. பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏரி வற்றி, நடுவில் மட்டும் ஈரம் தெரிந்தது. ஓரமாகவே போகலாம் என்றார் அப்பா. நடுவிலே போகலாம் என்றாள் அம்மா. அப்பாவுக்கே அதிர்ச்சி. பொத்தானைத் தட்டினாள், அவர் ஓட்டினார். நாலு சக்கரமும் பூட்டி, நாலும் ஒன்றாகச் சுற்றி, நாலும் ஒன்றாகச் சேற்றுக்குள் இறங்கின. வண்டி வயிற்றில் உட்கார்ந்துவிட்டது. எங்கள் வண்டியில் வின்ச் கிடையாது. ஷெட்காரரும் அன்று வரவில்லை.

நான் அழுதுவிடுவேன் போல இருந்தேன். அப்போது அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. அப்பா முதலில் திகைத்துப் பார்த்தார். பிறகு அவருக்கும் தொற்றிக்கொண்டது.

கரைக்கு அந்தப்பக்கம் அம்மாவின் அண்ணன் மகன் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக் கொல்லையில் டிராக்டரோடு நின்றிருந்தான். போன் போட்டதும் வந்தான். சங்கிலி மாட்டி ஒரே இழுப்பில் வெளியே எடுத்துவிட்டு, சேற்றில் குளித்து நின்ற எங்கள் மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்தான்.

"இன்னாத்துக்கு மாமா இந்த வேலை உங்களுக்கு?"

அப்பா பதில் சொல்லாமல் அம்மாவைக் கை காட்டினார். அம்மா அவனிடம், "பசிக்குதுடா, மல்லாட்டை பறிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். அவன் கொல்லைக்குக் கூட்டிப்போய்ப் பச்சை மல்லாட்டையைச் செடியோடு உருவிப் போட்டுச் சுட்டுக் கொடுத்தான். வரப்பில் உட்கார்ந்து, கறுத்த விரல்களால் தோலை உடைத்து, மூன்று பேரும் தின்றோம்.